மறு: ‘ஆக்கிரமிப்புத் தாவரம்’ வேண்டாம், ‘மண்டுசெடி’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கட்டுக்கடங்காமல் பரவி மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்யும் செடிகளுக்கு (invasive plants) ‘மண்டுசெடி’ என்ற சொல்லை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று இருவர் கேட்டிருந்தீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் ஊர் ஏரியில், நீரை மூடி மிதக்கும் வெங்காயத்தாமரைச் செடியை எடுக்க ஆள் சேர்த்தோம். நோட்டீஸ் எழுதியது நான்தான். ‘ஏரி ஆக்கிரமிப்புத் தாவரங்கள் அகற்றும் பணி, ஞாயிறு காலை 7 மணி’ என்று எழுதினேன். சனிக்கிழமை மாலை, ஏரிக்கரையில் குடியிருக்கும் பாட்டி ஒருவர் வீட்டு வரி ரசீதுகளை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “ஏனுங்க தம்பி, ஊட்டெ இடிக்கப் போறீங்களா?” ஏரி, ஆக்கிரமிப்பு, அகற்றும் என்ற மூன்று சொற்கள் அடுத்தடுத்து வந்தால் தமிழில் அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. நடுவில் நான் செருகிய ‘தாவரம்’ அவர் கண்ணில் படவே இல்லை. விளக்கிச் சொன்னதும் அவர் கேட்டார்: “செடி மண்டிக் கெடக்குது, எடுக்கறோம்னு எழுதறதுக்கென்னங்க?”

அந்த வினைச்சொல்லைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

> ‘அயல்தாவரம்’ என்றால் போதாதா?

போதாது. மிளகாய், மரவள்ளி, முந்திரி, எங்கள் பக்கத்தில் விளையும் நிலக்கடலை எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவற்றால் எந்த ஏரியும் மூடிக்கொள்ளவில்லை. இன்னொன்றும் பாருங்கள். வடகிழக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் ஏரிகளில் பெருந்தொல்லை தரும் நீர்ப்பூண்டான மில்ஃபாயில், ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த நம் நிலப்பரப்பிலிருந்து போனது. ஒரு துண்டு படகில் ஒட்டிக்கொண்டு போனாலே அடுத்த ஏரியில் வேர்விட்டுவிடும். ஒரு செடி தன் ஊரில் அடக்கமாக இருந்துவிட்டு வேறு ஊரில் அடங்காமல் போகிறது. குற்றம் அயலில் இல்லை. ‘வந்தேறித் தாவரம்’ என்ற பரிந்துரையை அடியோடு மறுக்கிறேன். 1956-இல் மாநில எல்லை போட்ட பிறகு இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

> ‘ஊடுருவும் தாவரம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் ஊடுருவுவது என்றால் தெரியாமல் நுழைவது. வெங்காயத்தாமரையைப் பூ அழகுக்காக மனிதர்கள்தாம் தென் அமெரிக்காவிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். உண்ணிச்செடியும் தோட்ட அழகுக்காக வந்ததுதான். கதவைத் திறந்துவிட்டுப் பழியைச் செடிமேல் போடுகிற சொல் எனக்கு ஒப்பவில்லை.

மலையாளத்தில் ‘அதிநிவேச சஸ்யம்’ என்கிறார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பழக்கம். ஆனாலும் மலையாளப் பேச்சில் இருக்கும் பெயர்கள் அதைவிட எவ்வளவு உயிருள்ளவை! மரத்தைச் சுற்றித் தழுவியே கொல்லும் மிக்கானியாக் கொடிக்கு ‘திருதராஷ்டிரப் பச்சை’ என்று பெயர். பீமன் என்று நினைத்து இரும்புப் பதுமையைக் கட்டி அணைத்து நொறுக்கினாரே, அந்தத் திருதராஷ்டிரர். செடி செய்யும் வேலையே பெயராகிவிட்டது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

சரி, மண்டுதல். புதர் மண்டிக் கிடக்கிறது, களை மண்டிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். நெருக்கம், வேகம், மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்வது எல்லாம் அதில் இருக்கின்றன. வெங்காயத்தாமரை ஏறக்குறைய 2 வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். ஆப்பிரிக்கன் பாயல் என்ற மிதக்கும் நீர்ச்செடியோ (சால்வினியா) விதையே இல்லாமல், ஒடிந்து ஒடிந்தே நீர்ப்பரப்பை மூடிவிடும். இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

முதலில் ‘மண்டுகளை’ என்று வைத்திருந்தேன். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும் என்று மகிழ்ச்சி. அப்புறம் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால், ‘மண்டு’ என்ற வசவுக்குப் பன்மையும் இரண்டாம் வேற்றுமையும் சேர்ந்ததுபோல நிற்கிறது. ஆகவே ‘மண்டுசெடி’. ஆப்பிரிக்கப் பெருநத்தை, ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்றவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘மண்டுயிர்’.

சம்பும் கோரையும்கூட மண்டுமே, அவை நம் மண்ணுடையவை அல்லவா என்று நேற்று ஐயா ஒருவர் கேட்டது சரியான கேள்வி. சட்டமும் ஆய்வும் பிரித்துப் பேச வேண்டிய இடத்தில் ‘பிறநில மண்டுசெடி’ என்று அடை சேர்க்கலாம். நோட்டீசுக்கு அது வேண்டாம். தூர் வாரப் போகிறவருக்குச் செடியின் பூர்வீகம் அவசரம் இல்லை.

செடிப் பெயரிலும் ஒரு வேண்டுகோள். ‘ஆகாயத்தாமரை’ என்று எழுதாதீர்கள். சித்த மருத்துவத்தில் அது கோசுபோல இலை விரியும் வேறொரு மிதவைச்செடி. காம்பு வெங்காயம்போல உப்பியிருக்கும் இதற்கு ‘வெங்காயத்தாமரை’யே குழப்பமில்லாதது.

வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஊர்களின் கையேட்டை மொழிபெயர்க்கும் நண்பருக்கு: அங்கே ஊராட்சியே சொந்தமாக வைத்துப் பராமரிக்கும் காட்டுக்கு ‘ஊர்க்காடு’ போதும். ‘நகர்வனம்’ இங்கே அரசுத் திட்டத்தின் பெயர். ‘காவு’ சாமிக்கு உரியது.

அடுத்த நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஏரியில் மண்டிய செடி எடுக்கும் பணி’ என்று தலைப்புப் போட்டு, உள்ளே ‘மண்டுசெடி’ வருகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அச்சுக்கு முன் அந்தப் பாட்டியிடமும் ஒருமுறை படித்துக் காட்டப்போகிறேன்.