தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமா? மொழி வகுப்பு அனுபவங்கள்

ஸ்பானிஷ் வாத்தியார்:

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம் வினைச்சொல் அட்டவணையை வைத்தே காலம் தள்ளினேன். பிள்ளைகள் ‘கியேரோ, கியேரெஸ், கியேரே’ என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். மதிப்பெண்ணும் வரும். ஆனால் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று ஸ்பானிஷில் கேட்டால் திருதிருவென முழிப்பார்கள்.

அப்புறம்தான் மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் பக்கம் போனேன். அர்த்தம் புரிகிற பேச்சைக் கேட்டும் எழுத்தைப் படித்தும்தான் மொழி உள்ளே இறங்குகிறது, விதியை மனப்பாடம் செய்வது வேறு சங்கதி. 1980களின் தொடக்கத்தில் அவர் எழுதியதை இப்படிச் சுருக்கலாம். படித்த சூட்டோடு மறுநாளே வகுப்பில் இறங்கினேன். நாற்பது நிமிடம் ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சில்லை. கை, கால், முகம் எல்லாம் ஆட்டி ஒரு தனிநபர் நாடகமே போட்டேன். வகுப்பு மொத்தமும் தலையாட்டியது.

அதிகமாகத் தலையாட்டிய பையனை எழுப்பி, “நான் என்ன சொன்னேன், தமிழில் சொல்லு” என்றேன்.

“சார், நீங்க எதையோ தொலைச்சுட்டுத் தேடுறீங்க.”

நான் சொன்னது பூனை வளர்க்க ஆசைப்படும் ஒருவனின் கதை.

அன்று உறைத்தது. காதில் விழுவதெல்லாம் கணக்கில் வராது, புரிந்தது மட்டும்தான் வரும். பிறகு கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளேன் ரே வளர்த்தெடுத்த கதைவழி முறையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வகுப்புக்கு மூன்றே மூன்று சொல். பலகையில் எழுதி, பக்கத்திலேயே தமிழ் அர்த்தமும் எழுதிவிடுவேன். ‘கியேரே’ என்றால் வேண்டும். ‘தியேனே’ என்றால் அவனிடம் இருக்கிறது. ‘வா’ என்றால் போகிறான். (ஆமாம், ‘வா’ என்றால் போகிறான். சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் தனியாக ஒதுக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை இதுவரை ஒருவரும் மறந்ததில்லை.)

அப்புறம் ஒரே வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றிக் கேள்வி. ஹுவானுக்குப் பூனை வேண்டுமா? பூனையா, நாயா? யானை வேண்டுமா? யாருக்குப் பூனை வேண்டும், எனக்கா? எல்லாம் ஸ்பானிஷில்தான். அவர்கள் ‘ஸீ’, ‘நோ’ என்றோ ஒற்றைச் சொல்லிலோ பதில் சொன்னால் போதும். பூனை என்ன நிறம், எங்கே இருக்கிறது என்பதை அவர்களே முடிவு செய்வதால் சலிப்பதில்லை. பத்து நிமிடத்தில் ‘கியேரே’ முப்பது தடவை காதில் விழுந்திருக்கும்.

எனக்குக் கடினமாக இருந்தது வேகத்தைக் குறைப்பதுதான். மெதுவாகப் பேசுகிறேன் என்று நான் நினைத்த வேகம் அவர்களுக்கு எக்ஸ்பிரஸ் ரயில். இப்போது ஒவ்வொரு சொல்லையும் பலகையில் தொட்டுக்காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். புரியாவிட்டால் கையை உயர்த்த வேண்டும், தலையாட்டக் கூடாது என்பது வகுப்புச் சட்டம்.

இன்னொன்று. ‘மே குஸ்தா’ என்பதை விளக்க ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் போராடும். நமக்கு அது நேராகவே ‘எனக்குப் பிடிக்கும்’. எழுவாயை விட்டுவிட்டு வினையின் விகுதியிலேயே ஆளைக் காட்டுவதும் நம் பழக்கம்தான். இதையெல்லாம் நான் பாடமாக நடத்துவதில்லை, கதையில் வந்தால் அவர்களே கண்டுபிடித்துக் கத்துகிறார்கள்.

கடைசி பெஞ்சு:

நான் ஆசிரியர் இல்லை, மாணவன். முதலில் சேர்ந்த ஜப்பானிய வகுப்பில் முதல் நாளே எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். என் பெயரே எனக்கு மறந்துபோனது. இரண்டே வாரத்தில் நின்றுவிட்டேன்.

அடுத்த ஆசிரியை நேர் எதிர். பல வாரம் எங்களைப் பேசவே சொல்லவில்லை. ‘தத்தே’ என்றால் எழ வேண்டும், ‘சுவத்தே’ என்றால் உட்கார வேண்டும். முதலில் அவரும் கூடவே செய்வார், பிறகு நாங்கள் மட்டும். உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் முன்வைத்த முறை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வளர்ந்த ஆள் இப்படி உட்கார்ந்து எழுவது ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது, பள்ளியில் வாங்கிய தண்டனை வேறு ஞாபகம் வந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே போகும்போது பின்னாலிருந்து ‘ச்சோத்தோ மத்தே’ என்று குரல். கால் நின்றுவிட்டது. ‘கொஞ்சம் இரு’ என்ற அர்த்தம் மனதில் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஜெர்மன் டீச்சர்:

சார், எல்லாம் சரி. நானும் மூன்று வருடமாக இப்படித்தான் நடத்துகிறேன். என் பிள்ளைகள் கேட்டால் புரிந்துகொள்கிறார்கள், பயமில்லாமல் படிக்கிறார்கள். ஆனால் எழுதச் சொன்னால் ‘டெர்’ வர வேண்டிய இடத்தில் ‘டென்’, ‘டென்’ வர வேண்டிய இடத்தில் ‘டாஸ்’. மூன்றும் ஆங்கில ‘the’ மாதிரிதான், ஆனால் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறும்.

இது எனக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. கனடாவில் பாடங்களையே பிரெஞ்சில் படித்த ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பற்றி மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் எழுதினார். வருடக்கணக்கில் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியே இருந்தது. வாயைத் திறந்து சொல்ல முயன்றால்தான் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தனக்கே தெரியும் என்பது அவர் வாதம். அதனால் கதை முடிந்ததும் ஐந்து வரி எழுதச் சொல்கிறேன், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துகிறேன்.

வாசிப்புக்குக் கதை தேர்ந்தெடுப்பதிலும் முன்பு ஏமாந்திருக்கிறேன். துணையில்லாமல் வசதியாகப் படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நான் ‘எளிய கதை’ என்று கொடுத்ததை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பக்கத்துக்கு இருபது புதுச் சொல். பாவம், பிள்ளைகள் படிக்கவில்லை, அகராதி புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பானிஷ் வாத்தியார்:

மேடம், ஐந்து வரி யோசனையை எடுத்துக்கொள்கிறேன். திருத்துவதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம். அந்தத் தலையாட்டிப் பையன் போன வாரம் தானாகவே எழுந்து கதை சொன்னான். ‘கீசோ’ (‘கியேரே’யின் இறந்தகாலம்) வர வேண்டிய இடத்தில் ‘கேரியோ’ என்றான், ஸ்பானிஷில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கதையில் ‘கீசோ’ இருபது தடவையாவது வருகிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை யானைதான்.