அஞ்சாவது பசங்களுக்கு ஆன்லைன் பாதுகாப்பு சொல்லித்தர ஐடியா வேணுமுங்க

வணக்கமுங்க. பெருந்துறை பக்கம் ஒரு தொடக்கப்பள்ளில டீச்சரா இருக்கறனுங்க. நாலாவது, அஞ்சாவதுக்கு கம்ப்யூட்டரோட ஆன்லைன் பாதுகாப்பும் சேர்த்து சொல்லித்தர்றேன். அப்பா அம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனி ஷிப்ட்டுக்கு போயிர்றாங்க, பள்ளிக்கூடம் விட்டு போனா போன் பசங்க கையிலதான், போன வாரம் ஒரு அம்மிணி வந்து "மிஸ், கேம்ல ஒரு அண்ணன் டைமண்ட் தர்றேன்னு ஓடிபி கேட்டாருங்க"ன்னு சொல்லுச்சு, எனக்கு பகீர்னு ஆயிருச்சு. நல்லவேளை, அது தரல.

இன்ஸ்டாவுக்கு 13 வயசு ஆகோணும், ஆன்லைன்ல பணம் போச்சுன்னா 1930க்கு, பசங்களுக்கு ஏதாச்சும் பிரச்சனைன்னா 1098க்கு போன் பண்ணோணும், இதெல்லாம் சொல்லிட்டேன். ஆனா சும்மா பண்ணாத பண்ணாதன்னா மறைக்கத்தான் பழகுவாங்க, பயமில்லாம நம்மகிட்ட வந்து சொல்லோணும், அதுதான் எனக்கு முக்கியமுங்க.

லேப்டாப் ரெண்டுதான், நெட் அப்பப்ப போயிரும். டக்ஸ் பெயிண்ட்னு பசங்க படம் வரையற சாப்ட்வேர் நெட் இல்லாமயே ஓடும், அதுல மவுஸ் பழக்கறேன். பாஸ்வேர்டு, தெரியாதவங்க மெசேஜ், போட்டோ அனுப்பறது இதுக்கெல்லாம் நாடகமாவோ அட்டை விளையாட்டாவோ தமிழ்ல பண்ணியிருந்தீங்கன்னா அனுப்புங்க. பெத்தவங்கள போன்ல என்ன செட்டிங் மாத்தச் சொல்லலாம்னும் சொல்லுங்க, கூட்டம் அடுத்த வாரமுங்க.