மூத்த மகன் உள்ளே போனானா? – கிறிஸ்தவப் புனைகதை வாசித்த, எழுதிய அனுபவங்கள்

மைக்கூடு:

சபையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வேதம் கையில் இருக்கும்போது கட்டுக்கதை எதற்குப்பா? அந்த நேரத்தில் ஜனங்களுக்குக் கொடுக்க நாலு சுவிசேஷக் கைப்பிரதி எழுதலாமே." சிரித்துச் சமாளித்துவிட்டேன். கேள்வி மட்டும் உள்ளேயே கிடந்தது. அதற்குப் பதில் சொல்ல என் சிறுகதை ஒன்று ஊத்திக்கொண்டதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சபைப் பத்திரிகைக்குக் கதை கேட்டிருந்தார்கள். லூக்கா 15-ல் இயேசு சொல்லும் உவமையில் வரும் மூத்த மகனை எடுத்துக்கொண்டேன். இளையவன் ஆஸ்தியில் தன் பங்கை வாங்கிப்போய்த் தூர தேசத்தில் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான், தகப்பன் அவனுக்கு விருந்து வைக்கிறார். இளையவனைப் பற்றித்தான் எல்லாரும் எழுதிவிட்டார்களே. வயலிலிருந்து வந்தவன், வீட்டுக்குள் பாட்டும் ஆட்டமும் கேட்டு வெளியிலேயே நின்றுவிட்டவன், அவன்தான் எனக்கு வேண்டியிருந்தான். முதல் முறை எழுதியபோது இரண்டே பக்கத்தில் அவனை அழவைத்து, தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வைத்து, விருந்துக்கு அனுப்பிவிட்டேன். ஆமென்.

மறுநாள் வாசித்தால் ஒரு வரிகூட ஒட்டவில்லை. வேதப்பகுதியைத் திரும்ப எடுத்தேன். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட பகுதிதான். ஆனால் கதைக்கு உரையாடல் எழுதுகிறவன் காதோடு வாசித்தபோதுதான் அவன் பேச்சு கேட்டது. "என் தம்பி" என்று ஒரு தடவைகூட அவன் சொல்வதில்லை. "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தகப்பன் பதில் சொல்லும்போது, "உன் சகோதரனாகிய இவனோ" என்று அந்த உறவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். இன்னொன்றையும் கவனித்தேன். தம்பி வேசிகளிடத்தில் ஆஸ்தியை அழித்தான் என்று சொல்வதே மூத்தவன்தான். அதற்கு முன்னால் "துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி" என்று மட்டும்தான் இருக்கிறது. தூர தேசத்தில் நடந்தது வயலில் நின்றவனுக்கு எப்படித் தெரியும்? இத்தனை காலமும் வேலை செய்துகொண்டே தம்பியைப் பற்றி மனதுக்குள் கதை கட்டியிருக்கிறான் என்று எனக்குப் பட்டது. (என் ஊகம்தான். யாரும் பிரசங்கத்துக்கு எடுத்துவிட வேண்டாம்.)

சரி, அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவே இல்லை. தகப்பன் பேசியதோடு உவமை நின்றுவிடுகிறது. அவர் முடிக்காமல் விட்டதை நான் இரண்டு பக்கத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறேன்!

திரும்ப எழுத நாலு வாரம் ஆனது. கடைசிக் காட்சியில் அவன் கையில் வயல் மண் காய்ந்துபோயிருக்கிறது, கழுவாமல் நிற்கிறான், அவ்வளவுதான். அதை எழுதிவிட்டுப் படுத்த இரவுதான் ஒன்று உறைத்தது. நானும் என் தம்பியும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவிடம் அவனைப் பற்றிப் பேச நேர்ந்தால் நான் சொல்வது, "உங்க பிள்ளை."

கைப்பிரதி எழுதியிருந்தால் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தாமதமாய் வந்தவள்:

நான் எழுதுகிறவள் இல்லை, வாசிக்கிறவள். கணவர் போன பிறகு ஏழெட்டு மாதம் வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிந்தது. பார்க்க வந்த எல்லாரும் தேவன் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் கொடுத்துவிட்டுப் போனார்கள். குறை சொல்லவில்லை, அவர்களும் என்ன செய்வார்கள்.

அந்த நாட்களில் என்னால் வாசிக்க முடிந்தது ஜான் பன்யன் எழுதிய மோட்சப் பிரயாணம் என்ற கதை ஒன்றைத்தான். சிறுவயதில் படக்கதை மாதிரி வாசித்தது. மோட்சத்துக்குப் போகும் வழி தப்பிய கதாநாயகன் கிறிஸ்தியானும் கூட வந்தவனும் சந்தேகக் கோட்டையில் அடைபட்டுக் கிடப்பார்கள். விரக்தி என்கிற இராட்சதன் அடித்து நொறுக்கிவிட்டு, உயிரை நீங்களே மாய்த்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்வான். அப்புறம் ஒரு இரவு ஜெபித்துக்கொண்டிருக்கும்போது கிறிஸ்தியானுக்குத் தன் மடியிலேயே ஒரு சாவி இருப்பது ஞாபகம் வரும். வாக்குத்தத்தம் என்கிற சாவி. அடைபட்ட நாளிலிருந்து அவனிடமே இருந்தது அது.

சின்ன வயதில் இதோடு எனக்குக் கதை முடிந்துவிட்டது. இந்தத் தடவை அடுத்த வரியில் நின்றுவிட்டேன். வெளி இரும்புக் கதவின் பூட்டு லேசில் திறக்காது, படாதபாடு படுத்தும். திறந்தாலும் கதவு கிறீச்சென்று சத்தம் போட்டு இராட்சதனை எழுப்பிவிடும். என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சாவியைக் காட்டினார்கள். பூட்டு இறுகியிருக்கும் என்று எனக்குச் சொன்னவர் ஜான் பன்யன்தான். அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் சுமார் 12 வருஷம் சிறையில் கிடந்த மனிதர், பூட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதா? அந்த வரியை வாசித்துவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுதேன்.

திருத்தல் பேனா:

சிறு பத்திரிகை ஒன்றுக்கு வரும் கதைகளைப் பல வருஷமாக வாசித்துக் கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். பத்துக் கதை வந்தால் ஒன்பதில் ஒரு குடிகாரன், ஒரு விபத்து, ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் ஒரு போதகர். கடைசிப் பாராவில் மனந்திரும்புதல். கதை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதால் நல்ல கதை ஆகிவிடாது. அவிசுவாசிக்கு ஒரு புத்திசாலித்தனமான வாதமாவது கொடுங்கள் என்று எழுதி அனுப்பினால், 'வாசகர் இடறிவிடுவார்கள்' என்று பதில் வரும்.

இவர்களுக்கு நான் சொல்வது நாத்தான் தீர்க்கதரிசியைப் பாருங்கள் என்று. 2 சாமுவேல் 12. தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவைத்த பாவத்தை ராஜாவிடமே சொல்லப் போகிறவர், ஒரு பணக்காரன் பறித்துக்கொண்ட ஏழையின் ஆட்டுக்குட்டியில் ஆரம்பிக்கிறார். அந்தக் குட்டி அவன் சாப்பாட்டைத் தின்கிறது, அவன் பாத்திரத்திலேயே குடிக்கிறது, அவன் மடியில் தூங்குகிறது, மகளைப்போல இருக்கிறது. சட்டப்படி வழக்குக்கு இந்த விவரம் எதுவும் தேவையில்லை, ஆடு திருடு போனது என்றால் போதும். ஆனால் மடியில் தூங்கிய குட்டி என்பதால்தான் தாவீது கொதிக்கிறான். செத்தே ஆகவேண்டும், நாலத்தனையாகத் திருப்பித் தரவேண்டும் என்று தன் வாயாலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

அதன் பிறகு நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்று நேரடியாகவே சொல்கிறார் என்பதும் உண்மைதான். ஆகவே கதையில் பிரசங்கமே கூடாது என்று கொடிபிடிக்கும் என் கட்சிக்கும் அங்கே கொஞ்சம் அடிதான். ஆனால் எப்போது சொல்கிறார் பாருங்கள், கேட்டவன் கோபத்தில் எழுந்த பிறகு.

வெறும் வாசகன்:

எல்லாரும் புகழ்வதால் நான் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். வேதபாட வகுப்பில் ஒருநாள், இயேசு பிறந்த இரவில் இடம் கொடுக்காத பெத்லகேம் சத்திரக்காரன் எவ்வளவு கல்நெஞ்சக்காரன் என்று நான் ஐந்து நிமிஷம் பேசினேன். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பையன், "அங்கிள், சத்திரக்காரன் எந்த வசனத்தில் வருகிறான்?" என்றான். லூக்கா 2-ஐத் திறந்து விரலால் தேடினேன். சத்திரத்தில் இடமில்லை என்று இருக்கிறது. ஆள் இல்லை. வருஷா வருஷம் நாடகத்தில் பார்த்தவனை நான் வசனத்துக்குள் குடிவைத்திருக்கிறேன். அதிலிருந்து வேதக் கதையை விரித்து எழுதிய நாவல் எது வாசித்தாலும் அந்த அதிகாரத்தை ஒருமுறை கூடவே வாசித்துவிடுவேன். இரட்டை வேலைதான், ஆனால் இரண்டுமே முன்னைவிட நன்றாகப் புரிகிறது.

மைக்கூடு:

வெறும் வாசகன் சொன்னது எனக்கும் உதைக்கிறது. என் மூத்த மகன் கையில் காய்ந்த மண்ணும் லூக்காவில் இல்லை. கதையின் மேலே 'கற்பனை' என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

திருத்தல் பேனா அண்ணா, பன்யனுக்கும் உங்களைப் போல, எங்கள் பெரியவரைப் போல நண்பர்கள் இருந்திருக்கிறார்கள். 1678-ல் புத்தகம் வந்தபோது முன்னால் ஒரு நீண்ட பாட்டே வைத்திருக்கிறார். அச்சிடு என்றார்கள் சிலர், வேண்டாம் என்றார்கள் சிலர், சரி, அச்சிட்டே பார்ப்போம் என்று முடிவெடுத்தேன் என்கிறார். அவர் பயந்து பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவிப் பாடி 1894-ல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகமும் நமக்கு இல்லை.

கதை போன வாரம் வந்தது. ஆராதனை முடிந்ததும் பெரியவர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "என்னப்பா இது, பாதியில் விட்டுட்டே. அவன் உள்ளே போனானா இல்லையா?"

தாமதமாய் வந்தவள்:

அதை விடுங்கள். உங்கள் தம்பியிடம் பேசினீர்களா?

மைக்கூடு:

நேற்று கூப்பிட்டேன் அக்கா. அவன் எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, "தம்பி எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பான்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.