பெரியவர்கள் கையில் போன் இருந்தால் தனிமை போய்விடுமா?

மாலைவெயில்:
50 வயது தாண்டிய 87,559 பேர், 23 நாடுகள். 2024-ல் வந்த ஆய்வு. இணையம் பயன்படுத்துபவர்களிடம் மனச்சோர்வு அறிகுறி குறைவு, வாழ்க்கைத் திருப்தி அதிகம். இதுக்கப்புறமும் "இந்த வயசுல எதுக்கு போன்"னு கேட்கிறவங்களை என்ன சொல்ல?

சந்தேகராமன்:
மேடம், கண் நல்லா தெரியறவர், படிச்சவர், கையில காசு உள்ளவர்தான் முதல்ல இணையத்துக்கு வர்றார். ஏற்கெனவே தெம்பா இருக்கறவர் அவர். நடக்க முடிஞ்சவர்தான் பூங்காவுக்கு வருவார். பூங்காதான் கால் கொடுத்ததுன்னு சொல்வீங்களா?

மாலைவெயில்:
அதையும் பார்த்தாச்சு சார். அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்களை 2002 முதல் 2008 வரை தொடர்ந்து கவனித்த தரவு இருக்கு. முன்பே மனச்சோர்வு இருந்ததா என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். அப்படியும் இணையம் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சோர்வு வாய்ப்பு சுமார் 33% குறைவு. தனியாக வசிப்பவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

சந்தேகராமன்:
அது மின்னஞ்சல் காலம். எழுதினா பதில் வரும். இப்போ? என் பெரியப்பா குடும்பக் குழுவில் தினமும் காலை வணக்கப் படம் போடுவார். யாராவது ஒருத்தர் கட்டைவிரல் காட்டுவார். மதியம் வரை யார் யார் பார்த்தாங்கன்னு திறந்து திறந்து பார்த்துட்டு இருப்பார். இதுக்குப் பேர் தொடர்பா? வதந்தி வேற. 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்துல 65 தாண்டினவங்க ஃபேஸ்புக்ல இளைஞர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு பொய்ச்செய்தி பகிர்ந்திருக்காங்க.

மாலைவெயில்:
நீங்க சொல்ற அதே ஆய்வில், எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், 90%-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு பொய்ச்செய்திகூடப் பகிரவில்லை. அதை விட்டுட்டீங்க.

திண்ணைவாத்தியார்:
பெரியவங்களுக்கு போன் சொல்லிக் கொடுக்கிறவன் நான். நீங்க ரெண்டு பேரும் மனசைப் பத்திப் பேசறீங்க, அங்கே சிக்கல் ஓடிபி. கண்ணாடியைத் தேடி, எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கறதுக்குள்ள காலாவதி. திரும்ப அனுப்பச் சொல்லி, பதற்றத்துல பழைய எண்ணையே அடிப்பாங்க. பக்கத்துல மகன், "குடுங்க, நானே பண்றேன்". அதோட அன்னிக்குப் பாடம் முடிஞ்சது.

இன்னொண்ணு. ஏமாந்து பணம் போனா பலர் வீட்டுல சொல்றதே இல்ல. பணத்தைவிட, போனைப் பிடுங்கிடுவாங்கன்னுதான் பயம். சீக்கிரம் சொன்னா வங்கியில தடுத்து நிறுத்தவாவது வாய்ப்பு இருக்கும். பிள்ளைங்க திட்டறதுலதான் அது கை நழுவுது.

சந்தேகராமன்:
அதெல்லாம் சரி வாத்தியாரே. வீடியோ கால் வந்ததும் நேர்ல போறதே நின்னு போச்சே. "நேத்துதான் முகம் பார்த்தேனே"ங்கறாங்க.

மாலைவெயில்:
அப்படிச் சொல்றவர் வீடியோ கால் இல்லாத காலத்திலும் வேற சாக்கு வெச்சிருப்பார் சார். அப்போ முகமாவது தெரிஞ்சிருக்காது.