புதுப்பிப்பு: ஷே எஞ்சினும் மரவண்டிகளும், பழமையேற்றும் வேலை நிறைவு

மாதிரி ரயிலுக்கான, அசலில் 87-இல் ஒரு பங்கு (1:87) அளவிலான ஷே நீராவி எஞ்சினையும் மரக்கட்டை ஏற்றும் வண்டிகளையும் கிட்டிலிருந்து கோத்து முடித்ததை முன்பு எழுதி, பழமையேற்றும் வேலை (புது மாதிரியை அழுக்கும் துருவும் படிந்த பழையதுபோல் காட்டுவது) மீதமிருப்பதாகக் குறிப்பிட்டிருந்தேன். அது இப்போது முடிந்துவிட்டது.

எப்ரயிம் ஷே 1881-இல் காப்புரிமை பெற்ற இவ்வகை எஞ்சினில், உருளைகள் (சிலிண்டர்கள்) வலப்பக்கத்தில் செங்குத்தாக நின்று, நீண்ட தண்டின் வழியாகப் பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அந்த எடையை ஈடுசெய்யவே கொதிகலன் இடப்புறம் தள்ளி அமைந்துள்ளது. ஆகவே இரு பக்கங்களையும் ஒரேபோல் அழுக்காக்குவது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். வலப்பக்கத்திற்கு எண்ணெய்ப் பிசுக்கின் கருமையையும், இடப்பக்கத்திற்கு உலர்ந்த புழுதியையும் கொடுத்தேன். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பூசினால் துரு நிறத் தூளின் நிறம் பெரிதும் மங்கிவிடும் என்பதால் தூளைச் சற்றுத் தாராளமாகத் தடவினேன். எண்ணெய் மினுமினுப்பை வார்னிஷ் காய்ந்த பிறகே சேர்த்தேன்.

வண்டிகளின் மரச்சட்டங்களுக்கு, பசை பட்ட இடத்தில் சாயம் இறங்காது என்பதால், ஒட்டுவதற்கு முன்பே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்த கறுப்பு மையால் சாயமேற்றியிருந்தேன். சுமைக்கு உண்மையான சுள்ளிகளே. புதிதாக அறுத்த முனைகள் வெளிறியே இருக்க வேண்டுமென்பதால் அவற்றில் எதையும் பூசவில்லை. மாதிரி எஞ்சினுக்குத் தண்டவாளம் வழியே வரும் மின்சாரம் தடைபடாதிருக்க, சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொடும் பரப்பை மட்டும் துடைத்துச் சுத்தமாக்கினேன்.

கட்டைகளைப் பிணைக்கும் சங்கிலிகளைக் கருமையாக்குவது மட்டுமே எஞ்சியுள்ளது.