பழைய நாலரை அடி லேத், கையில் 15,000 ரூபாய்: முதலில் எதை வாங்குவது?

முதுநகர் பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து நாலரை அடி லேத் (கடைசல் மெஷின்) ஒன்று எடுத்திருக்கிறேன். பெட் பரவாயில்லை, சுழற்றும் பக்கமான ஹெட்ஸ்டாக்கில் சத்தம் இல்லை. ஆனால் கூட வந்த சாமான் ஒரு 8 அங்குல மூணு ஜா சக் (கடையும் துண்டை மூன்று தாடையால் பிடிப்பது), அதன் சாவி, மூக்கு மழுங்கிப் போன ஒரு டெட் சென்டர் (துண்டின் மறுமுனையைச் சுழலாமல் தாங்கும் கூர்), அவ்வளவுதான். அந்தச் சக்கில் 25 எம்எம் ராடைப் பிடித்து ஓட்டினால் ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது.

மெஷினுக்கே கையிருப்பு காலி. இப்போது ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய், அதற்கு மேல் கொஞ்ச நாளைக்குப் பேச்சே இல்லை. வரப்போகும் வேலை என்று பார்த்தால் துறைமுகப் பக்கத்து போட் ஷாஃப்ட், புஷ், டிராக்டர் பின், கரும்புச்சாறு மெஷின் ரோலர், இப்படித்தான். நாலு ஜா சக், ரிவால்விங் சென்டர் (துண்டோடு சேர்ந்து சுழலும் சென்டர்), டிரில் சக், ஆன்லைனில் பெட்டியாக வரும் இன்சர்ட் டூல் செட் (கார்பைடு நுனி மாட்டியது), இதில் எது முதலில்? பாண்டிக்குப் போனால் வரி கம்மி, விலை குறையும் என்று ஒருவர் சொன்னார், நிஜமா?

தட்டாஞ்சாவடி டர்னர்:

வரி விஷயம் பழைய கதை அண்ணே. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இங்கே பாண்டியிலும் அங்கே கடலூரிலும் ஒரே விகிதம்தான். பஸ் செலவு மிச்சம் என்று நினைத்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்கும் சக் தேடி வராதீர்கள், அது துணிமணிக்கும் வீட்டுச் சாமானுக்குமான இடம்.

எதையும் வாங்குவதற்கு முன் டெயில்ஸ்டாக் (சென்டர் மாட்டும் பக்கம்) டேப்பர், அதாவது அதன் கூம்புத் துளையின் அளவு, என்னவென்று அளந்து எழுதி வையுங்கள். அந்த டெட் சென்டரின் டேப்பரில் தடித்த முனையை வெர்னியரில் பிடித்தால் 17.8 எம்எம் சுற்றி வந்தால் எம்டி (மோர்ஸ் டேப்பர்) 2, 23.8 வந்தால் எம்டி 3, 31.3 என்றால் எம்டி 4. பழைய சென்டர் வேறு மெஷினிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம், அதனால் டேப்பர் மேல் நீளவாக்கில் மார்க்கரால் மூன்று கோடு போட்டு, உள்ளே செருகி லேசாகத் திருப்பி எடுத்துப் பாருங்கள். கோடு முழு நீளத்துக்கும் சமமாக அழிந்திருந்தால் டேப்பர் சரி, ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் அந்தச் சென்டரை நம்பி எதையும் வாங்கக் கூடாது.

இன்சர்ட் பெட்டி வேண்டவே வேண்டாம். கார்பைடு தன் வேலையைக் காட்ட வேகம் வேண்டும். 25 எம்எம் மைல்ட் ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் என்றால் சக் 1,270 சுற்று ஓட வேண்டும், உங்கள் பழைய பெல்ட் லேத் அவ்வளவு ஓடுமா? எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு 25, 30 மீட்டர் போதும், அதாவது 320லிருந்து 380 சுற்று. மிராண்டா கம்பெனி எச்எஸ்எஸ் பிட் நாலு வாங்குங்கள், சாணை பிடிக்கப் பழகுங்கள். பட்டறையில் கிரைண்டர் ஏற்கெனவே இருக்கும்தானே. சூடானால் தண்ணீரில் முக்கலாம், எச்எஸ்எஸ் தாங்கும். பிரேஸ் வைத்த கார்பைடு டூலை மட்டும் அப்படி முக்கிவிடாதீர்கள், விரிசல் விடும், அதற்குப் பச்சைச் சாணைக்கல்லும் தனியாக வேண்டும்.

ரிடையர்டு ஃபிட்டர், நெய்வேலி:

தம்பி, சக் ஆடுகிறது என்றால் குற்றம் சக்கின் மேல்தான் என்று யார் சொன்னது? முதலில் சக்கைக் கழற்று. பெட் மேல் பலகை போட்டுவிட்டுக் கழற்று, 8 அங்குலச் சக் கை நழுவி விழுந்தால் பெட்டும் போகும், விரலும் போகும். ஸ்பிண்டில் மூக்கு (சக்கை மாட்டும் சுழல்தண்டின் நுனி) மரையில் இரும்புச் சிராய் இருந்தால் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டுத் துடை. மரைக்குப் பின்னால் இருக்கும் தோள் முகத்தில் பிசிறு இருந்தால் அதை மட்டும் எண்ணெய்க்கல்லால் தடவி எடு. தோளில் ஒரு முடி அளவு குப்பை இருந்தாலும் ஜாப்பின் (கடையும் துண்டின்) நுனியில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். யாரிடமாவது டயல் (ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) இரவல் வாங்கி ஸ்பிண்டில் மூக்கிலேயே வைத்துப் பார். அங்கே முள் அசையவில்லை என்றால் பேரிங் நன்றாக இருக்கிறது, பாதிக் கவலை தீர்ந்தது.

அப்புறம் மூன்று ஜாவையும் வெளியே எடு. ஜாவில் 1, 2, 3 என்று அடித்திருக்கும், சக் உடம்பில் உள்ள காடியிலும் அதே எண் இருக்கும். உள்ளே ஜாக்களை நகர்த்தும் சுருளில் சேர்ந்த சிராயைக் குத்தி எடுத்துவிட்டு, எண் வரிசைப்படி போடு. பிறகு ஒரு நேரான ராடை எடுத்து, ஜாவின் பின்பக்கம் ஒரு காகிதக் கீற்று, முன்பக்கம் ஒரு கீற்று வைத்து இறுக்கு. பின் கீற்று நின்று முன் கீற்று இழுத்தால் வந்துவிடுகிறதா? ஜா வாய் அகன்றுவிட்டது என்று அர்த்தம்.

அப்படியே இருந்தாலும் உன் ஷாஃப்ட் வேலைக்கு அது தடையில்லை. ஒரு துண்டு ராடை அதே சக்கில் பிடித்து, 60 டிகிரி கூராகக் கடைந்துவிட்டால் அதுதான் உன் சென்டர். அதைக் கழற்றாத வரைக்கும் சக் எப்படி ஆடினாலும் சென்டர் ஆடாது. ஷாஃப்ட்டில் ஒரு கேரியரை (ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடித்துச் சுழற்றும் வால் வைத்த வளையம்) மாட்டி, அதன் வாலை ஜாவில் தட்டும்படி வைத்து, இரண்டு சென்டருக்கு நடுவில் ஓட்டு. கேரியரை நீயே வெல்டிங்கில் செய்து கொள்ளலாம், வெல்டிங் பட்டறை வைத்துக்கொண்டு அதைக் கடையில் வாங்கினால் சிரிப்பார்கள்.

முதுநகர் பட்டறை:

ஐயா, ரொம்ப நன்றி. சொன்னபடியே கழற்றிப் பார்த்தேன். தோளில் ஒரு பிசிறு, சுருளுக்குள் ஒரு கைப்பிடி சிராய். சுத்தம் செய்து மாட்டியதில் ஆட்டம் நன்றாகவே குறைந்துவிட்டது, ஆனால் முன் காகிதம் சுலபமாக வந்துவிடுகிறது. ஸ்பிண்டிலில் டயல் முள் அசையவில்லை. டேப்பர் எம்டி 3. அப்படியானால் நாலு ஜா சக் வாங்கலாமா? பழையது கிடைத்தால் எடுக்கலாமா?

பட்டறைப் பையன்:

நாலு ஜா எடுங்க அண்ணே, அதில் ஒவ்வொரு ஜாவும் தனித்தனியாக நகரும், டயல் வைத்து நிறுத்திவிட்டால் சக்குக்கு வயதாகியிருந்தாலும் கவலையில்லை. அதனால் காயலான் கடையிலோ மூடிய பட்டறைகளிலோ பழையதாகக் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம், மூணு ஜாவைப் பழையதாக எடுப்பதுதான் ரிஸ்க். பார்க்க வேண்டியது: ஜா திருகுகளைச் சாவி போட்டு முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள், நடுவில் இறுக்கமோ தொளதொளப்போ வரக் கூடாது. உடம்பைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், கணீரென்று வர வேண்டும். மொட்டைச் சத்தம் வந்தால் விரிசலாக இருக்கலாம், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கூடவே டயலும் காந்த ஸ்டாண்டும் பட்ஜெட்டில் சேருங்கள், டயல் இல்லாமல் நாலு ஜா சக் வாங்குவதில் பாதிதான் பயன்.

பேக் பிளேட் (சக்கை ஸ்பிண்டில் மூக்கோடு இணைக்கும் தட்டு) ரெடிமேடாகத் தேடி அலையாதீர்கள், உங்கள் மூக்கு மரைக்கு அப்படியே கிடைப்பது கஷ்டம். வார்ப்பு வட்டு ஒன்று வாங்கி நீங்களே மரை வெட்டலாம். வெட்டும்போது ஸ்பிண்டில் மூக்கில் சக் இருக்குமே, புதுத் தட்டின் மரையைச் சரிபார்ப்பது எப்படி என்றால், முதலில் மூக்கு மரை மாதிரியே ஒரு டம்மி கடைந்து கொள்ளுங்கள். பழைய பேக் பிளேட்டைக் கழற்றி இந்த டம்மியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், டம்மி வேலை முடியும்வரை சென்டர் முறையில் ஓட்டாமல்...

தட்டாஞ்சாவடி டர்னர்:

தம்பி குழப்பிவிட்டான். டம்மியைக் கடையும்போதே உங்கள் பேக் பிளேட்டில் போட்டுப் பார்க்க முடியாது: டம்மி ஓரளவு வந்ததும் ஜாப்பைச் சக்கிலிருந்து அவிழ்க்காமல், சக்கோடு சேர்த்து மூக்கிலிருந்து கழற்றினால் பின்பக்கம் பேக் பிளேட் மரை தெரியும், ஆனால் டம்மி முன்னால் அல்லவா இருக்கிறது! அதனால் உதவாது. சுருக்கமான வழி, டம்மியை மட்டும் வேறு பட்டறையில் கடையச் சொல்லுங்கள், உங்கள் சக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனால் அதன் பேக் பிளேட்டே அளவு பார்க்கும் கேஜ். டம்மி வந்ததும் அதை வைத்து அளவு பார்த்தபடி புதுத் தட்டின் மரையை உங்கள் லேத்திலேயே வெட்டுங்கள். கடைசியாக அந்தத் தட்டை மூக்கில் ஏற்றி, சக் உட்காரும் படியை அங்கேயே வைத்துக் கடையுங்கள். வேறு மெஷினில் கடைந்து கொண்டு வந்த படி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் ஸ்பிண்டிலில் அப்படியே உட்காராது.

பட்டறைப் பையன்:

ஆமாம் அண்ணே, அதுதான் சரி. ஸ்டெடி ரெஸ்ட்டுக்கு (நீள ஷாஃப்ட்டை நடுவில் தாங்குவது) காசு செலவழிக்காதீர்கள், 12 எம்எம் தகட்டில் வெல்டு செய்து மூன்று விரலின் நுனியிலும் 6200 பேரிங் வைத்துவிடலாம், அதன் துளையில் 10 எம்எம் போல்ட் நேராக இறங்கும்.

ரிடையர்டு ஃபிட்டர், நெய்வேலி:

பேரிங் வேண்டாம், வெண்கலத் துண்டு வை. போட் ஷாஃப்ட் பெரும்பாலும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), சிராய் பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் புகுந்தால் உருட்டி அழுத்தித் தடம் போட்டுவிடும். வெண்கலத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டே இரு. எஸ்எஸ்ஸுக்கு வேகத்தையும் குறை, 15 மீட்டர் பக்கம் போதும், டூல் வெட்டாமல் தேய்க்க விட்டால் மேல்தோல் இறுகி அடுத்த வெட்டு ஏறாது.

ரிவால்விங் சென்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அது புதிதாகவே வாங்கு. சென்னைக்குப் போவதாக இருந்தால் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் கடை கடையாக விசாரி, கையில் சுழற்றிப் பார்த்து வாங்கலாம். ஞாயிறு போய் நிற்காதே, கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.