ஆர்.ஓ. தள்ளும் தண்ணீருக்குத் தமிழில் என்ன சொல்வது?

மடல் 1 – மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மீன்தொட்டிக்கு எந்தச் சுத்திகரிப்பான் வாங்கலாம் என்ற சிறு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கு (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) 'எதிர்ச் சவ்வூடு பரவல்' இருக்கிறது. அது பிரித்து வெளியே தள்ளும் 'ரிஜெக்ட் வாட்டர்'தான் இடிக்கிறது. 'கழிவுநீர்' என்று எழுதினேன், படித்துப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா "சாக்கடைத் தண்ணியா?" என்கிறார். உதவுங்கள்.

மடல் 2 – கொளத்தூர் மீன்கடைக்காரர்

தம்பி, அது சாக்கடை இல்லை. உப்பு கூடிய அதே போர் தண்ணீர்தான். டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900 உள்ள தண்ணீர் உள்ளே போய், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியேறினால், வெளியேறுவது 1200ஐ நெருங்கும். வீடு துடைக்கலாம். கப்பி, மோலி மீன் வளர்ப்பவருக்கு ஆர்.ஓ.வே வேண்டாம், அவற்றுக்குக் கடினநீர் ஒத்துவரும். மென்னீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவருக்குத்தான் தேவை. அதையும் தனி ஆர்.ஓ. தண்ணீராக ஊற்றக் கூடாது. கார்பனேட் இல்லாமல் பி.எச். சட்டென்று சரியும், தண்ணீர் அமிலமாகிவிடும். கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலக்கவேண்டும், அதில் குளோரினை முறித்த பிறகு. அப்புறம், தாமிரம் சேர்க்கும் குடிநீர்க் கருவியை இறால் தொட்டிக்கு வாங்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். தாமிரம் இறாலைக் கொன்றுவிடும். சொல் எதுவானாலும் சரி, கடையில் எல்லோரும் 'வேஸ்ட் தண்ணி' என்றுதான் சொல்கிறார்கள்.

மடல் 3 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'கழிநீர்' என்று வையுங்கள். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். அதைவிட முக்கியம், நெய்தல் பாடல்களின் 'இருங்கழி'யை நினையுங்கள். கழி என்பது கடலோர உவர்நீர். நீக்கப்பட்டதும் அதுவே, உப்பானதும் அதுவே. ஒரு சொல்லில் இரண்டு பொருளும் கிடைக்கின்றன. ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் 'கழிமுகம்' இன்றும் வழக்கில் உண்டு. 'உப்பங்கழி'யையும் பாருங்கள்.

மடல் 4 – யாழ்ப்பாணத்து விஞ்ஞான ஆசிரியை

ஐயா, விளக்கம் அழகு. ஆனால் 'கழிநீர்' என்று வாசிப்பவருக்குக் 'கழுநீர்' நினைவு வரும், அரிசி களைந்த தண்ணீர். மாட்டுக்கு வைப்பதை மீன்தொட்டிக் கையேட்டில் ஏன் கொண்டுவருவான்? உப்புச் செறிவு கூடியது என்பதால் 'செறிநீர்' பொருந்தும். இன்னொன்று, இங்கே சவ்வூடு பரவலைப் 'பிரசாரணம்' என்றுதான் படிப்பிக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்காக அதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

மடல் 5 – தமிழாசிரியர்

அம்மா, பிரசாரணம் வடசொல். 'சவ்வூடு' என்ற சொல்லில் செயல் கண்முன் நிற்கிறது. 'செறிநீர்' நல்ல ஆக்கம்தான். ஆனால் செறிவு என்றால் நம் மக்கள் சத்து என்று எடுத்துக்கொள்வார்கள். உப்புத் தண்ணீரைச் சத்து நீர் என்று யாராவது செடிக்கு ஊற்றிவிடக் கூடாது.

மடல் 6 – மீன்கடைக்காரர்

ஐயா சொல்வது நடக்கும். என்னிடம் வருபவர்களில் சிலர் அதைத் துளசிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். 'தள்ளுநீர்' என்றால் கேட்டவுடன் புரியுமே?

மடல் 7 – மொழிபெயர்ப்பவர்

'தள்ளுநீர்', 'ஒதுக்குநீர்' இரண்டையும் அக்காவிடம் சொன்னேன். முதலாவது தள்ளுபடி விலைத் தண்ணீர் போலத் தோன்றுகிறதாம். இரண்டாவதைக் கேட்டு, "ஒதுக்கிவெச்ச தண்ணி, துணி அலசலாம்" என்றார். ஆகவே 'ஒதுக்குநீர்' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் 'கருவி பிரித்துத் தள்ளும் உப்பு மிகுந்த நீர்' என்ற விளக்கம் இருக்கும். பிரசாரணமும் அடைப்புக்குறிக்குள் உண்டு.

மடல் 8 – யாழ்ப்பாணத்து ஆசிரியை

சரி. எனக்குச் செறிநீர்தான் விருப்பம், ஆனாலும் ஒதுக்குநீரை ஏற்கிறேன்.

மடல் 9 – தமிழாசிரியர்

நான் ஏற்கவில்லை. ஒதுக்கிவைப்பது நாம்; கருவி கழிக்கிறது. வினைமுதல் மாறினால் சொல் பிழை. மறுபதிப்பு வரும்போது 'கழிநீர்' பற்றி மீண்டும் எழுதுவேன். அதுவரை, ஆர்.ஓ. நீரில் திரும்ப உப்புச் சேர்ப்பதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிவியுங்கள். 'மீள்கனிமமூட்டல்' என்றால் வாய்க்குள் நுழையாது.